பிறேக் பிடிக்கும்போது ஸ்டியறிங் நடுங்குகிறது: டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

வேலணையூரான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2013 ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் இருக்கிறது. வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போய்வரவும், இடையிடையே ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை போகவும் அதைப் பாவிக்கிறேன். நகருக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் ஆனையிறவுப் பக்கத்தில் 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது சற்று அழுத்திப் பிறேக் பிடித்தால் ஸ்டியறிங் இடமும் வலமுமாக நடுங்குகிறது. வேகம் குறையக் குறைய நடுக்கமும் தளர்ந்து, 30க்குக் கீழே வந்ததும் நின்றுவிடுகிறது. மெதுவாகப் பிறேக் பிடித்தால் நடுக்கமே இல்லை. பிறேக் பிடிக்காமல் ஓடும்போதும் கார் அமைதியாகவே ஓடுகிறது. ஒரு பக்கம் இழுப்பதும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் முன்பக்கத்து ரயர்கள் இரண்டையும் மாற்றினேன். மாற்றிய உடனே நடுக்கம் வரவில்லை என்பதால், தன் வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறார் ரயர் கடைக்காரர். ஒரு கராஜில், டிஸ்க் (சில்லோடு சுற்றும் பிறேக் தட்டு) நெளிந்துவிட்டது, டிஸ்க்கும் அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட்டும் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். இன்னொரு கராஜில், பிறேக் மிதி துடிக்காதபடியால் டிஸ்க்கில் பிழையில்லை, வீல் அலைன்மென்ற் (சில்லுகளின் கோணத்தைச் சரிப்படுத்துவது) செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். புதிய சாமான்கள் விற்கும் விலையில் இரண்டையும் செய்து பார்க்க என்னால் இயலாது. முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கோண்டாவில் மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதலில் அலைன்மென்றை விட்டுவிடுங்கள். அலைன்மென்ற் பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் ஒரு பக்கமாகத் தேயும். பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்குவதற்கு அது காரணமாகாது. சில்லு பலன்ஸ் பிழையென்றாலும் பிறேக் பிடிக்காமல் ஓடும்போதே நடுக்கம் தெரிந்திருக்கும். வேகம் குறையும்போது நடுக்கமும் தளர்வதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான தடயம். உங்கள் காரின் சில்லு 70 கிலோமீற்றர் வேகத்தில் வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் சுற்றுகிறது. சில்லின் சுற்றோடு சேர்ந்து நடுக்கமும் கூடிக் குறைகிறதென்றால், சில்லோடு சுற்றுகிற ஒன்றில்தான் பிழை இருக்கிறது. ஸ்டியறிங்கில் தெரிவதால் அது பெரும்பாலும் முன்பக்கத்து டிஸ்க். பின்பக்கத்து பிறேக் ட்ரம்மில் பிழையென்றால் நடுக்கம் கையில் அல்லாமல் இருக்கையில்தான் கூடுதலாகத் தெரியும்.

ஆனால் "டிஸ்க் நெளிந்துவிட்டது" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பழகிய காரணம் பெரும்பாலும் உண்மையல்ல. வார்ப்பிரும்பு டிஸ்க், சாதாரண ஓட்டத்தில் உண்டாகும் வெப்பத்துக்கு அவ்வளவு எளிதில் நெளிவதில்லை. நடப்பது வேறு. டிஸ்க், ஹப்பின் (சில்லும் டிஸ்க்கும் பூட்டப்பட்டுச் சுற்றும் நடுப்பகுதியின்) முகத்தில் ஒட்டி உட்காரும் இடத்தில் கறள் பிடித்து ஒரு சிறு பொருக்கு நின்றாலோ, சில்லு நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் இறுக்கினாலோ, டிஸ்க் நேராகச் சுற்றாமல் மயிரிழையளவு ஆடிச் சுற்றத் தொடங்கும். அந்த ஆட்டத்தை அப்போது நீங்கள் உணர மாட்டீர்கள். ஆனால் பிறேக் பிடிக்காமல் ஓடும்போதுகூட ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேட்டில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் அந்த இடத்தில் டிஸ்க்கின் தடிப்பு மற்ற இடங்களைவிடக் குறைந்துவிடும். நடுக்கத்தைத் தருவது இந்தத் தடிப்பு வித்தியாசம்தான், 0.02 மில்லிமீற்றர் வித்தியாசமே கைக்குத் தெரியப் போதும். ரயர் மாற்றிய அன்றைக்கே நடுக்கம் வராததை வைத்து அந்த வேலையில் பிழையில்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பிழை ஆறுதலாகத்தான் வெளியே வரும்.

ஆகவே சாமான் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில்லைக் கழற்றிய பின், டிஸ்க்கை நட்டுகளால் ஹப்போடு சமமாக இறுக்கி, டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உள்ளே டயல் கேஜின் (மயிரிழை ஆட்டத்தையும் காட்டும் அளவுகருவியின்) முனையை வைத்து, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஆட்டம் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால், அதிகம் தள்ளி நிற்கும் இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் சோக்கால் கோடு போடுங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் வெள்ளையிரும்பு தெரியும்வரை தேய்த்துத் துடைத்து, டிஸ்க்கை ஒரு துளை தள்ளிப் பூட்டி மறுபடி அளவுங்கள். அதிகம் தள்ளும் இடம் டிஸ்க்கின் கோட்டோடு நகர்ந்தால் பிழை டிஸ்க்கில். ஹப்பின் கோட்டிலேயே நின்றால் ஹப்பிலோ பேரிங்கிலோ. அதன் பின் மைக்றோமீற்றரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் தடிப்பை அளவுங்கள். மிகக் குறைந்த தடிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கறளைத் துடைத்தால் வாசிக்கலாம். அதற்கு மேல் போதிய தடிப்பு இருந்தால் லேத்தில் கடைந்து எடுக்கலாம், புதிது தேவையில்லை.

கலிப்பரின் (பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியின்) வழுக்கு ஊசிகள் இரண்டும் கையால் தள்ள இலகுவாக ஓடுகின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். ஒன்று இறுகியிருந்தால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது, மேலே சொன்ன தேய்மானம் இன்னும் வேகமாக வரும். இந்த ஊசிகளுக்குச் சாதாரண கிறீஸ் பூசக் கூடாது. றப்பரை ஊதச் செய்துவிடும். பிறேக்குக்கு உரிய சிலிக்கோன் கிறீஸே வேண்டும்.

சாவகச்சேரி ஹைபிரிட் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். அக்குவாவுக்கே உரிய இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

மிதி துடிக்காததால் டிஸ்க் நல்லது என்று சொன்ன கராஜ், சாதாரண கார்களின் கணக்கில் சொல்லியிருக்கிறது. அக்குவாவில் உங்கள் கால் மிதிக்கும் மிதி நேரடியாகக் கலிப்பரைத் தள்ளுவதில்லை. மிதியின் அசைவைக் கணினி அளந்து, வேறொரு பம்பின் அழுத்தத்தால் பிறேக்கை இயக்குகிறது. டிஸ்க்கின் துடிப்பு காலுக்கு வந்து சேர வழியே இல்லை. மெதுவாகப் பிடிக்கும்போது நடுக்கம் வராததற்கும் இதே போன்றதொரு விளக்கம் உண்டு. அப்போது காரை நிறுத்துவது பெரும்பாலும் மின்மோட்டார். டிஸ்க்குக்கு வேலையே இருப்பதில்லை. முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான வீதியில், 50 கிலோமீற்றர் வேகத்தில் கியரை N இல் வைத்து மெதுவாகப் பிறேக் பிடித்துப் பாருங்கள். N இல் மோட்டார் பிறேக் பிடிக்காது. டிஸ்க் மட்டுமே பிடிக்கும். அப்போது மெதுவாகப் பிடித்தாலும் நடுக்கம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

டிஸ்க் இப்படி ஓய்ந்திருப்பதால்தான் ஹைபிரிட் கார்களில் கறளும் கூடுதலாகக் கட்டுகிறது. நீங்களோ கடலை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நாள்தோறும் பண்ணைப் பாலத்தைக் கடக்கிறீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் மழையில் நனைந்த காரை இரண்டு மூன்று நாள் ஓடாமல் விட்டால், பேட் நிற்கும் இடத்தின் வடிவம் டிஸ்க்கில் கறளாகவே பதிந்துவிடும். ஆளில்லாத வீதியில் இடைக்கிடை நன்றாக அழுத்திப் பிறேக் பிடிப்பது இந்தக் கார்களுக்கு நல்லது.

மிக முக்கியமாக, பேட்டைக் கழற்றும்போது காரை முற்றாக நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ற் பற்றறியின் மறை முனையைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும். இந்தக் கார்களில் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் தானாக இயங்கக்கூடும். விரல் கலிப்பருக்குள் இருந்தால் நசுங்கும். வேலை செய்பவருக்கு இது தெரியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

பருத்தித்துறை வாசகர் எழுதியது:

அளவெல்லாம் சரியாக வந்த பின்னும் சிறிது நடுக்கம் எஞ்சினால் முன்சில்லைக் காரோடு இணைக்கும் கீழ்க் கையின் (லோவர் ஆர்ம்) பின் புஷ்ஷைப் பாருங்கள். அதன் றப்பர் வெடித்திருந்தால், வேறு காரில் உணரவே முடியாத சிறு துடிப்பைக்கூட அது பெருக்கி ஸ்டியறிங்குக்கு அனுப்பும். எங்கள் உள்வீதிகளின் குழிகளில் ஓடும் கார்களுக்கு இது அரிதான பழுதல்ல. ஜக் அடித்து, சில்லின் இரு பக்கத்தையும் பிடித்து ஆட்டினால் ஸ்டியறிங்கைச் சில்லோடு இணைக்கும் டை றொட் எண்டின் தளர்வும், மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ற் அல்லது பேரிங்கின் தளர்வும் தெரியும். புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பித்தான் பார்க்க வேண்டும்.

வேலணையூரான் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டயல் கேஜ் வைத்திருக்கும் கராஜ் ஒன்றைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் நின்றே பார்த்தேன். வலது டிஸ்க்கில் குறையில்லை. இடது டிஸ்க்கின் ஆட்டம் 0.12 மில்லிமீற்றர். டிஸ்க் இலகுவில் கழரவில்லை. தட்டிக் கழற்றியபோது ஹப் முகத்தில் ஒரு நட்டு வரும் பக்கமாக நகத்தளவு கறள் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்து எடுத்து, டிஸ்க்கை ஒரு துளை தள்ளிப் பூட்டியதும் ஆட்டம் 0.04க்கு இறங்கிவிட்டது. ஆனால் தடிப்பு வித்தியாசம் 0.03 இருக்கிறது. பொறித்திருக்கும் அளவுக்கு மேல் இன்னும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் மிச்சம் உண்டு. கடைவதானால் இரண்டு டிஸ்க்கையுமா, இடதை மட்டுமா?

கோண்டாவில் மெக்கானிக் எழுதியது:

இரண்டையும் கடையுங்கள், இரு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். பேட்டின் முகத்தையும் மட்டத்தாளில் லேசாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கடைந்த டிஸ்க்கைப் பூட்டியதும் டயல் கேஜை மறுபடி வைக்க வேண்டும். லேத்தில் நேராக இருந்தது ஹப்பில் நேராக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, டோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை அதே அளவில் சரிபாருங்கள். முதல் சில நாட்களுக்கு, வேகத்திலிருந்து அழுத்திப் பிடித்து நிறுத்திய பின், சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்தி வைத்தபடி ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். பேட்டின் பொருள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.