வீட்டில் செய்த பாட்டுப்பெட்டியை வயர்லெஸ் ஸ்பீக்கரோடு சேர்த்த அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு போனில் பாட்டுத் தேடிப் போடுவது அவரால் முடியாமல் போய்விட்டது. அதற்காகவே ஒரு மரப்பெட்டி செய்தேன். உள்ளே ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. மேலே ஐந்து பெரிய பட்டன்கள், வீடியோ கேம் மெஷினில் இருக்குமே அந்த ரகம், உள்ளுக்குள் எல்இடி எரியும். சிவப்பு என்றால் பக்திப் பாட்டு, மஞ்சள் என்றால் பழைய சினிமாப் பாட்டு, பச்சை என்றால் நாதஸ்வரம். எல்லாம் வீட்டிலிருந்த கேசட்டுகளிலிருந்து எம்பி3 ஆக்கியவை. பாட வேண்டியது, தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இரண்டு சோனோஸ் ஒன் ஸ்பீக்கர்களில். அவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த ஸ்பீக்கர் மாடலில் வயரால் பாட்டைக் கொடுக்கும் ஆக்ஸ் சாக்கெட் கிடையாது. பாட்டை வாங்கிப் பாட புளூடூத்தும் கிடையாது. நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும். அங்கேயும் நான் எடுத்த வழியில் பெட்டி பாட்டைத் தள்ளிவிடுவதில்லை. ஸ்பீக்கரே போய்ப் பாட்டை எடுத்துவந்து பாடும். பாட்டு எங்கே இருக்கிறது என்று முகவரி சொல்வது மட்டும்தான் நம் வேலை. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் வழி, எம்பிடி (மியூசிக் பிளேயர் டீமன்) என்கிற, பின்னணியில் ஓடிப் பாட்டுப் போடும் மென்பொருளில், பாட்டை நெட்வொர்க்கில் விடும் எச்டிடிபி அவுட்புட்டைத் திறந்துவிட்டு, பெட்டியையே ஒரு இணைய வானொலியாக ஆக்குவது. வேலை செய்யும். ஆனால் ஸ்பீக்கர் சில விநாடிப் பாட்டைச் சேர்த்துவைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கும். அம்மா பட்டனை அமுக்குவார், சத்தம் வராது, மறுபடி அமுக்குவார், பாட்டு அடுத்ததுக்குத் தாவிவிடும். வயதானவர்கள் கையில் கொடுக்கும் சாமானில் இந்தத் தாமதம் ஆகவே ஆகாது.

அதனால் எம்பிடியையே எடுத்துவிட்டேன். பாட்டுகள் இருக்கும் ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மூலம் வீட்டு நெட்வொர்க்கில் திறந்துவைத்தேன். பட்டனை அமுக்கியதும் பைத்தானில் எழுதிய சின்ன நிரல், சோனோஸ் ஸ்பீக்கர்களுக்குக் கட்டளை அனுப்பும் சோகோ லைப்ரரி வழியாக ஸ்பீக்கரிடம் அந்த ஃபைலின் முகவரியைக் கொடுக்கிறது. ஸ்பீக்கர் நேராக ஃபைலையே எடுத்துக்கொள்கிறது. பாட்டு உடனே வருகிறது. நிறுத்தி வைப்பதும் அடுத்த பாட்டுக்குப் போவதும் ஒழுங்காக நடக்கிறது. பெட்டிக்குள் டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டாக் போர்டும் வேண்டாம், ஆம்பிளிஃபையரும் வேண்டாம். பட்டனை அமுக்கிய அந்தக் கணமே அதன் எல்இடி எரியும்படி வைத்திருக்கிறேன், பாட்டு வருவதற்கு முன்னால். அந்த வெளிச்சம் அம்மாவுக்குத் தெரிகிறது, இரண்டாம் தடவை அமுக்குவதில்லை.

செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ராஸ்பெர்ரி பைக்கும் ஸ்பீக்கர்களுக்கும் ரௌட்டரில் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்) நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் ஒன்றையொன்று தேடும். அடுத்து, ஸ்பீக்கர்கள் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும் குரூப்பில் இருந்தால் கட்டளையை அந்தக் குரூப்பின் கோஆர்டினேட்டருக்குத்தான், அதாவது மற்றவற்றை நடத்தும் ஸ்பீக்கருக்குத்தான், அனுப்ப வேண்டும். மற்றதுக்கு அனுப்பினால் சோகோ எரர் காட்டும். எது கோஆர்டினேட்டர் என்று நிரலே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும்படி எழுதிவிட்டால் கவலையில்லை.

நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

* * *

அருமை சார். அம்மா கேட்பதற்கென்றே செய்திருப்பதைப் படிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

என் வீட்டில் ஃபைலே கிடையாது, கேசட் டெக் நேராகப் பாட வேண்டும். அதனால் நீங்கள் ஒதுக்கிய வானொலி வழிதான் எனக்குக் கைகொடுத்தது. டெக்கிலிருந்து யுஎஸ்பி சவுண்ட் கார்டு, அதிலிருந்து ராஸ்பெர்ரி பை, உள்ளே டார்க்ஐஸ் என்கிற நிரல் அதை எம்பி3 ஆக்கி, வானொலிபோல் நெட்வொர்க்கில் விடும் ஐஸ்காஸ்ட் சர்வருக்குக் கொடுக்கும், ஸ்பீக்கர் 8000 போர்ட்டில் வந்து எடுத்துக்கொள்ளும். பிளே அமுக்கிச் சில விநாடி கழித்துத்தான் பாட்டு வரும். கேசட் கேட்பவருக்கு அது பொருட்டில்லை. டிவிக்கு இதை வைக்காதீர்கள், வாயசைவும் வசனமும் சேராது.

சவுண்ட் கார்டு வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் குட்டி கார்டுகள் பெரும்பாலும் மைக் இன்புட் மட்டும் உள்ளவை. அது மோனோ, டெக்கின் சிக்னலைக் கொடுத்தால் சத்தம் உடைந்து கரகரக்கும். டெக் போன்றவற்றின் சிக்னலை வாங்கும் லைன் இன் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் அடியில் ‘ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அது கிரவுண்ட் லூப், இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு நடுவே வரும் கோளாறு. நடுவில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் போய்விடும்.

* * *

என்னுடையது சாதாரண புளூடூத் ஸ்பீக்கர், அதனால் கதை வேறு. நானும் பை ஜீரோ 2 டபிள்யூதான் வைத்திருந்தேன். வைஃபையில் இணைய வானொலியை எடுத்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் பாட்டு விட்டுவிட்டு வந்தது. அந்தப் போர்டில் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், புளூடூத்தும் அதே அலைவரிசை, இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா. ஒன்று பேசும்போது இன்னொன்று வழிவிட வேண்டியிருக்கிறது. ஒரு யுஎஸ்பி புளூடூத் டாங்கிள் செருகி, போர்டிலேயே உள்ள புளூடூத்தை அணைத்துவிட்டதும் சீராகிவிட்டது. லினக்ஸில் புளூடூத்தைக் கையாளும் புளூடூத்சிடிஎல் கட்டளையில் ஸ்பீக்கரை பேர் செய்வதோடு (இணைப்பதோடு) நிறுத்தாமல் டிரஸ்ட்டும் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் ஸ்பீக்கரை அணைத்துப் போட்டாலும் மறுபடி கேள்வி கேட்காமல் சேர்ந்துகொள்ளும்.

எஸ்டி கார்டிலிருந்து மட்டும் பாடினால் போதும் என்பவர்களுக்கு பையே வேண்டாம், ஈஎஸ்பி32 என்கிற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டு போதும். ஆனால் பழைய, சாதாரண ஈஎஸ்பி32தான் வாங்க வேண்டும். புதிது என்று எஸ்3, சி3 வாங்கிவிடாதீர்கள். அவற்றில் இருப்பது புளூடூத் லோ எனர்ஜி மட்டும். ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் ஏ2டிபி என்கிற புளூடூத் முறை அவற்றில் ஓடாது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு, நிரலில்தான் கோளாறு என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

* * *

கம்பெனி ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல் வீடு முழுக்க ஒரே பாட்டு வேண்டுமென்றால் ஸ்நாப்காஸ்ட் என்கிற மென்பொருளைப் பாருங்கள். ஹாலில் உள்ள ராஸ்பெர்ரி பையில் எம்பிடியும் பாட்டை அனுப்பும் ஸ்நாப்சர்வரும். மற்ற அறைகளில் ஒவ்வொரு பையிலும் அதை வாங்கிப் பாடும் ஸ்நாப்கிளையண்ட், ஒரு பிசிஎம்5102 டாக் போர்டு, உள்ளேயே ஆம்பிளிஃபையர் உள்ள பழைய ஸ்பீக்கர் ஜோடி. சர்வர் ஒவ்வொரு துண்டு ஒலியிலும் நேரத்தைக் குறித்து அனுப்பும், கிளையண்டுகள் அந்த நேரத்துக்குச் சரியாகப் பாடும். அறைக்கு அறை வித்தியாசம் பொதுவாக 0.2 மில்லி விநாடிக்குள்தான். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே நின்று கேட்டால் எதிரொலியே இருக்காது. வழக்கமான பஃபர் (பாடும் முன் சேர்த்துவைக்கும் அளவு) 1000 மில்லி விநாடி, அதாவது பட்டனை அமுக்கி ஒரு விநாடியில் பாட்டு. முதலில் எழுதியவருக்கு அதுவே அதிகம் என்றால் எண்ணைக் குறைத்துப் பார்க்கலாம். வைஃபை பலவீனமான அறையில் விட்டுவிட்டுக் கேட்டால் மட்டும் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கர் நெட்வொர்க்கில் இருந்தும் கண்ணிலேயே படவில்லை என்பவர்கள் ரௌட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் அது பெரும்பாலும் ஆன் ஆகித்தான் இருக்கும். அதில் சேர்ந்திருக்கும் பெட்டியும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று தெரியவே தெரியாது.