குளோபல், லோக்கல் செட்டிங்ஸுக்கு நல்ல பெயர் சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். பல கிளைகள் உள்ள கடைகளுக்காக ஒரு பில்லிங் மென்பொருள் எழுதி வருகிறோம். செட்டிங்ஸ் பக்கத்தில் இப்போது 'குளோபல்', 'லோக்கல்' என்று இரண்டு பிரிவுகள். லோக்கல் என்றால் இந்தக் கிளையா, இந்தக் கம்ப்யூட்டரா என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே குளோபல் என்பது ஒரு பயனருக்கு மட்டும்தான். கணினியில் உள்ள எல்லோருக்கும் பொதுவானது சிஸ்டம். லோக்கல் அந்த ஒரு ரெப்போவுக்கு, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புத் தொகுப்புக்கு. புதிதாக வருபவர்கள் தடுமாறுகிற இடம் இது. நிரல் எழுத உதவும் விஎஸ் கோடு (VS Code) மென்பொருளில் யூசர் (பயனருக்கு), வொர்க்ஸ்பேஸ் (திறந்திருக்கும் திட்டத்துக்கு) என்று வைத்திருப்பது எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது.

அதனால் 'எல்லாக் கிளைகளுக்கும்', 'இந்தக் கிளைக்கு மட்டும்', 'இந்தக் கவுன்டருக்கு மட்டும்' என்று மாற்றலாமா? மொபைல் திரையில் நீளமாகிவிடுமோ?

அப்புறம் இன்னொன்று. ரசீதின் அடியில் அச்சாகும் வாசகத்தை ஒரு கிளையில் மட்டும் மாற்றியிருந்தால், அங்கே பொதுவான வாசகம் ஏன் வரவில்லை என்று கடைக்காரருக்கு உடனே புரிய வேண்டும். அதைத் திரையில் எப்படிக் காட்டுவது? இப்படிப்பட்ட பக்கங்களை வடிவமைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.