மாரடைப்புக்குப் பிறகு ஈயத்தை வெளியேற்றினால் ஆயுள் கூடுமா?

ஈசூன் வாசகன்: மாரடைப்பு வந்தவர்கள் டிரிப் ஏற்றி உடம்பில் உள்ள ஈயத்தை வெளியேற்றினால் அடுத்த அடைப்பே வராது என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துவிட்டிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இந்த டிரிப் சிகிச்சையைச் சோதித்த டாக்ட்-2 ஆய்வின் முடிவு 2024-இல் வந்துவிட்டது. சர்க்கரை நோயும் பழைய மாரடைப்பும் உள்ள, 50 வயது தாண்டிய சுமார் ஆயிரம் பேர். ஆளுக்கு 40 டிரிப். இரத்த ஈயம் 61 சதவீதம் குறைந்தது. ஆனால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து ஏற்றியவர்களில் 35.6 சதவீதம், மருந்தில்லாத போலி டிரிப் ஏற்றியவர்களில் 35.7. பலன் பூஜ்யம்.

செம்பவாங் சேகர்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 61 சதவீதம் குறைந்தது என்று நீங்களே எழுதிவிட்டு பலன் பூஜ்யமா? 22 வருஷம் கப்பல் பட்டறையில் பழைய பெயிண்ட் சுரண்டியவன் நான். ஈயம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஈசூன் வாசகன்: ஈயம் கெடுதல் என்பதை யார் மறுத்தார்கள்? ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றும் இதயத்துக்கு ஆபத்து என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் சொல்லியாயிற்று. பல வருஷம் கெடுத்த பிறகு வடித்தால் பலன் உண்டா என்பதுதான் கேள்வி.

செம்பவாங் சேகர்: 61.

ரசப்பிரியை: அப்போது ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற எங்கள் கதி? அம்மா தஞ்சாவூரில் இருந்து சுமந்து வந்த சொம்பு.

தேக்கா தம்பி: அக்கா, அது வெள்ளீயம். கெடுதல் செய்வது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம்.

செம்பவாங் சேகர்: ஈயம் ஈயம்தான். தம்பி பாத்திரக் கடை வைத்திருக்கிறாரோ?

தேக்கா தம்பி: கடை வைத்திருந்தால் உங்களுக்குக் கடன் தரமாட்டேன்.

ஈசூன் வாசகன்: சேகர் அண்ணே, காட்மியம் சிகரெட்டில்தான் நிறைய வரும். சிறுநீரகத்தில் பல வருஷம் தங்கும். நீங்கள் சிகரெட்டை விட்டாயிற்றா?

செம்பவாங் சேகர்: என் சிகரெட் உங்களுக்கு எதற்கு? போன தீபாவளிக்கும் சிராங்கூன் சாலை விளக்கு விஷயத்தில் இப்படித்தான் மூக்கை நுழைத்தீர்கள். இதே சிகிச்சைக்கு 2013-இல் வந்த முதல் ஆய்வை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்? மொத்தம் 1708 பேர். அதில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதிப்பு 38 சதவீதத்தில் இருந்து 25 ஆயிற்றே. அதைச் சொல்ல வாய் வராதோ?

ஈசூன் வாசகன்: மறைக்கவில்லை. அது நிஜமா என்று பார்க்கத்தான் சர்க்கரை நோயாளிகளை மட்டும் வைத்து இரண்டாம் ஆய்வு நடத்தினார்கள். தேறவில்லை.

செம்பவாங் சேகர்: தேறாமலா 61 சதவீதம் இறங்கியது?

தேக்கா தம்பி: அண்ணே, இரத்தத்தில் இறங்கினால் ஆயிற்றா? எலும்பில் சேர்ந்த ஈயம் பல வருஷம் கிடந்து மெல்ல மெல்ல இரத்தத்துக்கு வரும்.

செம்பவாங் சேகர்: அப்படியானால் 40 டிரிப் போதாது, 80 ஏற்ற வேண்டும். நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

ஈசூன் வாசகன்: ஐயோ. பணத்தை யார் கட்டுவது? நம் சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவா?

செம்பவாங் சேகர்: பணப் பேச்சு வந்துவிட்டதா! 61-க்கு மட்டும் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ரசப்பிரியை: சரி, சொம்பில் இருப்பது வெள்ளீயமா காரீயமா என்று எப்படித்தான் பார்ப்பது? ரசம் அடுப்பில் இருக்கிறது.

செம்பவாங் சேகர்: கொட்டிவிடுங்கள் அம்மா.