மறு: கேமரா ஒப்பந்ததாரர் மாறும்போது என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்களின் போக்குவரத்துத் துறைகள், சிக்னல் கேமராக்களை நடத்தும் தனியார் நிறுவனத்தை நீக்கிவிட்டு வேறொன்றை அமர்த்துவது பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர், 'போட்டோ என்ஃபோர்ஸ்மென்ட் வெண்டார் ட்ரான்சிஷன்' என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தார். இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: 'ஒளிப்பட அமலாக்க விற்பனையாளர் மாற்றம்', 'நிழற்படச் சட்டச்செயலாக்க வழங்குநர் நிலைமாற்றம்', 'கேமரா ஒப்பந்ததாரர் மாற்றம்'. முதல் இரண்டும் ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும். அவருக்குத் தமிழ்ச் சொல் தேவையே இல்லை. மூன்றாவது நல்ல தமிழ். ஆனால் அந்தக் கட்டுரை எதைப் பற்றிப் பேசுகிறதோ அது அந்தச் சொல்லுக்குள் அகப்படவில்லை என்பது என் எண்ணம்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

> 'வெண்டார்' என்றால் விற்பனையாளர் என்றுதானே அகராதி சொல்கிறது?

முத்திரைத்தாள் விற்பவருக்கு அது பொருந்தும். இந்த நிறுவனங்கள் கேமராவை விற்றுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவதில்லை. கம்பம் நட்டு, கேமரா பொருத்தி, விழுந்த படங்களைத் தரம் பிரித்து, வண்டி எண்ணை வைத்து உரிமையாளரின் முகவரியைத் தேடி, அறிவிப்பை அச்சடித்து அஞ்சலில் சேர்ப்பது வரை அவர்கள் வேலைதான். ஒப்பந்ததாரர் என்பதே சரி.

> 'அமலாக்கம்' என்ற சொல் இல்லாமல் சட்டப் பொருள் வராது.

ஐயா, இன்றைய செய்தித்தாள் வாசகருக்கு அமலாக்கம் என்றாலே அமலாக்கத் துறைச் சோதனைதான். 'அமலாக்கக் கேமரா' என்று தலைப்பிட்டால் யாரோ ஒரு முன்னாள் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கும் கேமரா என்று நினைப்பார்கள். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு: கேமரா எதையும் அமல்படுத்துவதில்லை. நியூயார்க்கில் எம்.டி.ஏ. என்ற பொதுப் போக்குவரத்து அமைப்பின் பஸ்களில் பொருத்திய கேமரா, பஸ் தடத்தில் நிற்கும் காரைப் படம் பிடிக்கிறது. அந்தப் பதிவைச் சரிபார்ப்பது நகரப் போக்குவரத்துத் துறை. பணத்தை வசூலிப்பது நகர நிதித் துறை. இத்தனை கைகளுக்கு நடுவில் சட்டத்தை அமல்படுத்தியது யார் என்பதே வழக்குகளில் எழும் கேள்வியாக இருக்கும்போது, நாம் அதைக் கேமராவின் பெயரிலேயே ஏற்றிவைக்க வேண்டாம். 'அபராதக் கேமரா' என்பேன். அபராதம் விதிப்பதும் கேமரா அல்லவே என்று கேட்பீர்கள். கொசுவலையைக் கொசு நெய்யவில்லை. தொகைச்சொல்லுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

'டிக்கெட்' வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் 'வேகமாகப் போய் டிக்கெட் வாங்கிவிட்டேன்' என்று எழுதுகிறார்கள். மதுரையில் இருக்கும் அத்தைக்கு அது பயணச்சீட்டுதான். சான்ஃபிரான்சிஸ்கோவில் 'முனி' எனப்படும் நகரப் பஸ்களை ஓட்டுவதும், வேகக் கேமராக்களை நிறுவியிருப்பதும் ஒரே அமைப்பு. அந்த அமைப்பைப் பற்றிய பத்தியில் 'டிக்கெட்' என்று எழுதினால் எந்த டிக்கெட் என்று வாசகர் திகைப்பார். 'அபராத அறிவிப்பு' என்போம். 'சலான்' நமக்குப் பழகியதுதான், ஆனால் அங்குள்ள நடைமுறை வேறு.

இனி முக்கியமானது. 'ட்ரான்சிஷன்' என்பதற்கு வெறும் 'மாற்றம்' போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் சிகாகோ.

சிகாகோ நகரம் 2003இல் சிவப்பு விளக்குக் கேமராக்களை (சிக்னலில் சிவப்பு எரியும்போது கடக்கும் வண்டியைப் படம் பிடிப்பவை) நிறுவத் தொடங்கியது. நடத்தியது ரெட்ஃப்ளெக்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் மிகப் பெரிய சிவப்பு விளக்குக் கேமராத் திட்டமாக அது வளர்ந்தது. ஒருமுறை மீறினால் 100 டாலர். 2012இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ், அந்த நிறுவனத்துக்கும் திட்டத்தைக் கவனித்த நகர அதிகாரிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை எழுதத் தொடங்கியது. மேயர் ராம் இமானுவேலின் நிர்வாகம் 2013இல் நிறுவனத்தை விலக்கியது. ஜான் பில்ஸ் என்ற அந்த அதிகாரிக்கு 2016இல் 10 ஆண்டுச் சிறை. நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமை அதிகாரியாக இருந்தவரும் சிறை சென்றார். 2017இல் ரெட்ஃப்ளெக்ஸ் நகரத்துக்கு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

இது ஊழல் கதை. ஊழல் கதைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. நமக்கு வேண்டியது அதற்குப் பின் நடந்தது. புதிய ஒப்பந்தம் ஜெராக்ஸின் துணை நிறுவனத்துக்குப் போனது. (ஆம், நம் தெருமுனை நகல் கடைக்குப் பெயர் தந்த அதே ஜெராக்ஸ்.) ரெட்ஃப்ளெக்ஸ் நடத்தியபோது, மஞ்சள் விளக்கு 3.0 நொடிக்குக் குறைவாக எரிந்திருந்தால் அந்தப் பதிவு தள்ளுபடி. கூட்டரசின் போக்குவரத்துக் கையேடும் மஞ்சளுக்குக் குறைந்தது 3 நொடி என்கிறது. வேலை ஜெராக்ஸின் கைக்குப் போன காலத்தில், 2.9 நொடி எரிந்திருந்தாலும் ஏற்கலாம் என்று நகரத் துறை வழியைத் திறந்துவிட்டது. சட்டம் மாறவில்லை. சிக்னல் மாறவில்லை. அறிவிப்புப் பலகை ஒன்றுகூட மாறவில்லை. ஒப்பந்ததாரர் மாறிய சந்தடியில் ஓர் எண் பத்தில் ஒரு பங்கு நொடி கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் கார் நொடிக்கு 44 அடி கடக்கும். பத்தில் ஒரு பங்கு நொடியில் நாலரை அடிகூட வராது. அந்த நாலரை அடிக்குள் சிக்கியவை ஏறத்தாழ 77,000 அறிவிப்புகள், 77 லட்சம் டாலர். 2014 அக்டோபரில் இதை வெளியிட்டது நகரத்தின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்'. (மொழிபெயர்க்கும் நண்பருக்கு: இதை ஐ.ஜி. என்று எழுதிவிடாதீர்கள், அவர் காவல்துறைக்காரர் அல்லர், நகர நிர்வாகத்தின் முறைகேடுகளை விசாரிப்பவர். 'நகராட்சித் தலைமைக் கண்காணிப்பாளர்' என்றால் போதும்.) மஞ்சள் விளக்கின் நேரம் இயல்பாகவே இம்மி கூடிக் குறையும், அதற்கு இடம் தந்தோம் என்றது நகரத் துறை, பிறகு பழையபடி 3.0 நொடிக்கே திரும்பியது.

ஆகவே கட்டுரைக்கு இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. ஒன்று அந்த எண்ணுக்கு, இன்னொன்று அந்தச் சந்தடிக்கு.

எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'த்ரெஷோல்டு'. குழுவில் ஒருவர் 'வரம்பு' என்றார், இன்னொருவர் 'வாயில் மதிப்பு' என்றார். வாயில் மதிப்பு என்பதைக் கோயில் கோபுர மதிப்பீடு என்று நினைக்க வாய்ப்புண்டு. 'வரம்பு' வேறு விதத்தில் இடறும், ஏனென்றால் 'வேக வரம்பு' ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் வேகத்தைக் குறிக்கிறது. அபராதம் அதே இடத்தில் தொடங்குவதில்லை என்பதுதான் இந்தத் துறையின் சூட்சுமமே. மேரிலாந்து மாநிலத்தில் வேகம் வரம்புக்கு மேல் மணிக்கு 12 மைல் கூடினால்தான் கேமரா அபராதம். கலிஃபோர்னியாவின் புதிய வேகக் கேமராக்களுக்கு 11 மைல். சிகாகோ 10 மைலாக வைத்திருந்ததை 2021 மார்ச்சில் 6 ஆகக் குறைத்தது. வேக வரம்பு அப்படியே இருக்க, அறிவிப்புகள் குவிந்தன. 'வேக வரம்பின் வரம்பு குறைக்கப்பட்டது' என்று எழுத முடியுமா?

நம் மேல்நிலை இயற்பியல் பாடநூலில் இதற்கு அழகான விடை பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. ஒளிமின் விளைவுப் பாடத்தில் 'த்ரெஷோல்டு ஃப்ரீக்வன்சி' என்பதைப் 'பயன்தொடக்க அதிர்வெண்' என்று படித்தோம். எந்த அதிர்வெண்ணில் பயன் தொடங்குகிறதோ அது. வாயிலும் இல்லை, விளிம்பும் இல்லை. என்ன தொடங்குகிறது என்பதைச் சொல்லியே பெயர் வைத்திருக்கிறார்கள். அதே அச்சில் 'அபராதத் தொடக்க வேகம்' என்று வார்க்கலாம். வேகம் அல்லாத இடங்களுக்கு, சிகாகோவின் மஞ்சள் நொடி போன்றவற்றுக்கு, 'அபராதத் தொடக்க அளவு'. 'அபராதத் தொடக்கம்' என்று நிறுத்திவிட்டால் அபராதம் வசூலிக்கத் தொடங்கிய தேதி என்று பொருள்படும்; எனவே அளவு, வேகம், நேரம் என்ற வால் கட்டாயம். 'தண்டத் தொடக்கம்' சுருக்கமாக இருக்கிறதே என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டார். தண்டம் பழைய நல்ல சொல்தான், ஆனால் இன்று 'தண்டச் செலவு' என்ற பொருளே முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. கேமராவை எதிர்ப்பவர்களுக்கு வேண்டுமானால் அது பிடிக்கும்.

அடுத்து, சந்தடிக்கான சொல்.

> 'நிலைமாற்றம்' அறிவியல் தமிழில் ஏற்கப்பட்ட சொல்.

பனிக்கட்டி நீராவதற்கு ஏற்கப்பட்ட சொல், அம்மா. இங்கே எதுவும் உருகவில்லை. 'கைமாற்றம்' என்று ஒருவர் சொன்னது எனக்கு முதலில் பிடித்தது. ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாற்று உடனே நினைவுக்கு வருகிறது. ஊழல் செய்தியில் 'கைமாறியது' என்றால் வேறு ஒன்றும் நினைவுக்கு வரும்.

'ஒப்படைப்பு' என்பது என் பரிந்துரை. அரசு அலுவலகத்தில் ஒருவர் மாறுதலாகிப் போகும்போது பொறுப்பை ஒப்படைக்கிறார், வருபவர் ஏற்கிறார். கோப்பு, சாவி, இருப்புப் பதிவேடு எல்லாம் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுகிறார்கள். நூறாண்டுப் பழக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டியலில் இல்லாதது எங்கே போனது என்று கேட்கும் உரிமையையும் அந்தச் சொல்லே தருகிறது. சிகாகோவில் 3.0 என்ற எண் அந்தப் பட்டியலில் மாற்றமின்றி நின்றிருக்க வேண்டும். 'மாற்றம்' என்று சொன்னால் பழையவர் போனார், புதியவர் வந்தார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. 'ஒப்பந்த ஒப்படைப்பு' என்றால் என்னென்ன ஒப்படைக்கப்பட்டன என்று அடுத்த கேள்வி தானாக எழுகிறது. மோனையும் தானாக அமைந்துவிட்டது, நான் தேடிப் போகவில்லை.

ஒப்படைப்பே இல்லாமல் மாற்றம் மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேரிலாந்தின் பால்டிமோர் நகரம் சாட்சி. அங்கேயும் ஜெராக்ஸ்தான் வேகக் கேமராக்களை நடத்தியது. சிவப்பு விளக்கில் அசையாமல் நின்ற காருக்கு, 25 மைல் சாலையில் 38 மைல் வேகத்தில் போனதாக அறிவிப்பு வந்ததை பால்டிமோர் சன் நாளிதழ் 2012 இறுதியில் எழுதியது. 2013 ஜனவரியில் பிரெக்ஃபோர்ட் என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. புதிய கேமராக்களை நகரமே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அவற்றிலும் பிழைகள், ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது, ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தமும் போனது. அதற்குப் பிறகுதான், ஜெராக்ஸ் காலத்துக் கேமராக்களின் பிழை 10 விழுக்காட்டைத் தாண்டியதாகச் சொன்ன தணிக்கை அறிக்கையொன்று நகர அலுவலகத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது வெளியே வந்தது. 2017இல் கேமராக்கள் திரும்ப வந்தபோது ஒப்பந்தம் பெற்ற இரு நிறுவனங்களில் ஒன்று கான்டுவன்ட். அது அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஜெராக்ஸிலிருந்து பிரிந்து தனிப் பெயர் பெற்ற நிறுவனம். இந்த இடத்தில் 'புதிய ஒப்பந்ததாரர்' என்று எழுதுவதற்கு முன் நண்பர் ஒரு நிமிடம் தயங்கினால் நல்லது. சிகாகோ விரட்டிய ரெட்ஃப்ளெக்ஸையும் 2021இல் அதன் போட்டி நிறுவனமான வெரா மொபிலிட்டி வாங்கிவிட்டது. ஒவ்வொரு பெயரோடும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்; இல்லாவிட்டால் யார் போய் யார் வந்தார் என்று வாசகருக்குப் புரியாது.

ஆக, நண்பரின் சிக்கலான வாக்கியத்தை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: 'அபராதக் கேமராக்களின் ஒப்பந்ததாரரை நகரம் மாற்றியது. ஒப்படைப்புக் காலத்தில், அபராதத் தொடக்க அளவு 3.0 நொடியிலிருந்து 2.9 நொடியாகக் குறைந்தது.' கேமரா, ஒப்பந்தம், மாற்றம், அபராதம் எல்லாம் வாசகருக்கு முன்பே தெரிந்த சொற்கள். சேர்க்கை மட்டுமே புதிது.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை, குழு உதவ வேண்டும். பால்டிமோரில் 40 டாலர் அபராதம் ஒவ்வொன்றிலும் 11.20 டாலர் பிரெக்ஃபோர்டுக்குப் போனது. எத்தனை அறிவிப்போ அத்தனை வருமானம். மேரிலாந்து 2014இல் சட்டத்தைத் திருத்தி இந்த முறைக்கு முடிவு கட்டியது. கலிஃபோர்னியா அதற்கு முன்பே தடுத்திருந்தது. ஆங்கில ஏடுகள் இதை 'பவுண்டி' (ஆளைப் பிடித்துத் தருபவருக்குக் கிடைக்கும் வெகுமதி) என்று குத்தலாக எழுதுகின்றன. திருப்பூர்த் தையற்கூடங்களில் சொல்லும் 'பீஸ் ரேட்' பொருளில் நெருங்குகிறது, குத்தல் வரவில்லை. 'தலைக்கு இவ்வளவு' என்பதில் குத்தல் இருக்கிறது, ஆனால் சட்ட வாசகத்தில் உட்காராது. 'எண்ணிக்கைக் கூலி' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடக் கூரான சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்; கட்டுரை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.