ஆக்ஸ்போர்டு அருகே கிராமத்துப் பப்பில் பெற்றோருக்கு மதிய உணவு: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து என் பெற்றோர் ஜூலை மாதம் வந்து மூன்று வாரம் என்னுடன் ஆக்ஸ்போர்டில் தங்கப்போகிறார்கள். நகரத்திலிருந்து போர்ட் மெடோ புல்வெளியைக் கடந்து, தேம்ஸ் ஆற்றோரமாக நடந்தால் பின்சி என்ற குக்கிராமம் வரும். அங்கே கூரை வேய்ந்த ‘தி பெர்ச்’ என்ற பழைய பப் இருக்கிறது. கோடை நண்பகலில் அதன் தோட்டத்து மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். இந்த முறை அவர்களை எப்படியும் அங்கே அழைத்துப்போக வேண்டும்.

ஆனால் அப்பா வாழ்நாளெல்லாம் நெல் விளைவித்தவர். எங்கள் தெருமுனையில் மதுக்கடை வரப்போகிறது என்றபோது ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். குடிக்கும் இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாளே என்று அவர் மனம் நோகுமோ என்று அஞ்சுகிறேன். அம்மா சைவம், முட்டையும் சேர்க்கமாட்டார். உணவகம் என்று பொதுவாகச் சொல்லி அழைத்துப்போய்விடலாமா? அம்மா எதைச் சாப்பிட முடியும்?

அடுப்பங்கரை எழுதியது:

ஒரு கிராமத்துப் பப்பின் சமையலறையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று சமையலறை முழுவதும் ரோஸ்ட் என்னும் சுட்ட இறைச்சி விருந்தைச் சுற்றியே இயங்கும். அதனுடன் வரும் யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் மாவுப் பண்டத்தில் முட்டை உண்டு. கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்யப்படும். உருளைக்கிழங்கையே வாத்துக் கொழுப்பில் வறுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒரு தட்டு சைவ உணவுக்காக நின்று பதில் சொல்ல அன்று யாருக்கும் நேரம் இருக்காது. திங்களன்று சில பப்கள் திறப்பதே இல்லை. ஆகவே புதன் அல்லது வியாழன் பன்னிரண்டரை மணிக்கு மேசை பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போதே முட்டை கூடாது என்பதைச் சொல்லிவிடுங்கள். முட்டை, பால் உட்பட பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களில் எவை எந்த உணவில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டிய கடமை சட்டப்படி அவர்களுக்கு உண்டு. எனவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சிப்ஸ் வறுக்கும் எண்ணெயில் மீனையும் பொரிக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் பட்டியலில் சைவக் குறி இருந்தாலும் எண்ணெய் ஒன்றாகவே இருக்கலாம். சீஸும் அப்படித்தான். சிலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள், பார்மிசான் அவ்வகை. செடார் சீஸ்களில் பல சைவ ரென்னெட்டில் செய்யப்படுபவை. அந்தப் பப்பில் வைத்திருப்பது எது என்று கேட்டால் பொட்டலத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

இனிப்புக்குச் சம்மர் புட்டிங் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ரொட்டித் துண்டுகளைக் கிண்ணத்தின் உட்புறம் இடைவெளி இல்லாமல் அடுக்கி, லேசாகச் சூடாக்கிய ராஸ்பெரியும் சிவப்புக் கரண்ட் என்னும் சிறு பழமும் நிரப்பி, மேலே எடை வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுவோம். காலையில் கவிழ்த்தால் ரொட்டி வெள்ளையாக ஓரிடத்திலும் தெரியாது. பழச்சாறு ஊறி முழுவதும் கருஞ்சிவப்பாகியிருக்கும். நாங்கள் செய்த முறையில் முட்டை கிடையாது.

தேம்ஸ்வாசி எழுதியது:

அடுப்பங்கரை சொன்ன நேரக் கணக்கை அப்படியே பின்பற்றுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமனாரை வேறொரு ஊரிலுள்ள பப்புக்கு அழைத்துப்போனேன். போய்ச் சேரும்போது மணி இரண்டு நாற்பது. கதவு திறந்திருந்தது, உள்ளே ஆட்களும் இருந்தார்கள். ஆனால் இரண்டரைக்கே அடுப்பை அணைத்துவிட்டார்கள். சர்க்கரை நோயாளியான அவர் ஒரு பொட்டலம் வறுவலோடு மதியத்தைக் கழிக்க நேர்ந்தது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பப்கள் பிற்பகலில் மூடியாக வேண்டும் என்று விதித்த கட்டுப்பாடு, வார நாள்களைப் பொறுத்தவரை 1988 வரை நீடித்தது. சட்டம் தளர்ந்த பிறகும் பல கிராமங்களில் சமையலறை மட்டும் பழைய நேரத்தையே வைத்திருக்கிறது.

இன்னொன்று, தோட்டத்தில் போட்டிருக்கும் மேசைகளைக் கவனியுங்கள். பெரும்பாலானவை மேசையும் பெஞ்சும் ஒரே சட்டத்தில் பிணைந்தவை. காலைத் தூக்கி உள்ளே போட்டுத்தான் உட்கார வேண்டும். என் மாமியார் புடவையோடு அந்தக் குறுக்குக் கட்டையைத் தாண்ட முடியாமல் ஒரு கையால் கொசுவத்தையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு சாய்க்கும் தனி நாற்காலிகள் உள்ள மேசை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நடக்க முடியாவிட்டால் பாட்லி சாலையிலிருந்து பின்சி லேன் வழியாகக் கார் போகும். யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் ஒரு துளியும் தொடாமல் இருப்பதே என் கருத்தில் சரி.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

மகளே, உணவகம் என்று சொல்லி அழைத்துப்போகாதே. வாசலில் பெயர்ப்பலகையும் உள்ளே பீர் குழாய்களின் கைப்பிடிகளும் அவர் கண்ணில் படாமல் இருக்குமா? தெரிந்த பின் அவருக்கு வருத்தம் தருவது பப்பாக இருக்காது, நீ மறைத்ததாகவே இருக்கும். என் தகப்பனாரும் இப்படித்தான். ‘இங்கே குடிக்கிறவர்களும் வருவார்கள், தாத்தாவும் பேரனும் சாப்பிடவும் வருவார்கள், ஊர்க் கூட்டம் நடப்பதும் இங்கேதான். பிடிக்காவிட்டால் உடனே திரும்பிவிடலாம்’ என்று முதல் நாளே சொன்னேன். கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற ஊரில் ‘ஓல்டு கிரவுன்’ பப்பை 2003-ல் ஊரார் பங்கு போட்டுக் கூட்டுறவாக வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். ஊரே சேர்ந்து காப்பாற்றுகிற இடமா என்று கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்.

உங்கள் அப்பாவுக்குப் பிளவ்மன்ஸ் லஞ்ச் வாங்கிக் கொடு. உழவனின் மதிய உணவு என்பது அதன் பொருள். அந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியவர்கள் 1950-களில் சீஸ் விற்பனையைப் பெருக்க முயன்றவர்கள்தாம்; ஆனால் வயலில் வேலை செய்தவர்கள் ரொட்டியும் சீஸும் வெங்காயமும் கட்டிக்கொண்டு போனது அதற்கும் முந்தைய வழக்கம். தடித்த ரொட்டி, ஒரு பாளம் செடார், ஆப்பிள் துண்டு, வினிகரில் ஊறிய முழு வெங்காயம், பழுப்பு நிறத்தில் புளிப்பும் இனிப்புமாக ஒரு பிக்கிள். பன்றி இறைச்சி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். என் தகப்பனார் அந்த வெங்காயத்தைக் கையிலெடுத்து, ‘பழைய சோற்றுக்கு நாம் கடிப்பதுபோல இவர்களும் கடிக்கிறார்களே’ என்றார். அதன் பிறகு அவர் சுற்றி இருந்தவர்களின் கோப்பைகளைப் பார்க்கவே இல்லை. குடிக்க எல்டர்ஃபிளவர் பூச்சாற்றைச் சோடாவில் கலந்து தருவார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். கவுண்டரில் மேசை எண்ணைச் சொல்லி நீயே வாங்கி வா, அவர்களை அங்கே நிற்க வைக்காதே.

சாப்பிட்ட பின் அதே பாதையில் மேலே போனால் புனித மார்கரெட் தேவாலயமும் அதன் முற்றத்தில் ஒரு கிணறும் இருக்கின்றன. அந்த நீர் கண் நோயைத் தீர்க்கும் என்று நம்பி ஒரு காலத்தில் யாத்திரையாக வந்திருக்கிறார்கள். தீர்த்தம் என்றால் அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புதன்கிழமை பன்னிரண்டரைக்குத் தனி நாற்காலிகளோடு மேசை பதிவு செய்துவிட்டேன். நேற்று இரவு தொலைபேசியில் அப்பாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், வழியில் உள்ள புல்வெளியின் படத்தைப் பார்த்துவிட்டு, ‘கட்டாமல் மேய்கிறதே, அந்த மாடெல்லாம் யாருடையது?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தேம்ஸ்வாசி எழுதியது:

அது தனியார் நிலம் அன்று, பொது மேய்ச்சல் நிலம். ஆக்ஸ்போர்டின் ஃப்ரீமென் எனப்படும் உரிமைக் குடியினரும் வுல்வர்கோட் ஊரின் மேய்ச்சல் உரிமை பெற்றவர்களும் மாடும் குதிரையும் விடுகிறார்கள். 1086-ல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலேயே நகரத்தாருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் என்று குறிப்பு உண்டு. அந்தப் புல்வெளியில் ஏர் பூட்டியதே இல்லை என்பார்கள். அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.