வேப்பமரத்தின் வளையக் கணக்கு வயதோடு பொருந்தவில்லை: உதவி தேவை

மண்டபத்தை அடுத்த கடலோரத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில் 1978-இல் நட்ட வேப்பமரத்தை 2025 தை மாதத்தில் வெட்ட நேர்ந்தது. அடிமரத்தில் அறுத்தெடுத்த வட்டத்துண்டில் ஆண்டு வளையங்களை எண்ணினால், கடலைப் பார்த்த பக்கம் 44, எதிர்ப்பக்கம் 52 என வருகிறது. இரண்டுமே மரத்தின் வயதுக்குப் பொருந்தவில்லை.

துண்டை நிழலில் உலர்த்தி, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600 வரை தேய்த்து, நீர் தடவியும் தடவாமலும் பத்து மடங்கு லென்சில் பார்த்துவிட்டேன். ஸ்கேனரில் எடுத்த படத்திலும் தெளிவில்லை. வேம்பில் வளைய எல்லை வெளிறிய மெல்லிய கோடாகத்தான் தெரியும் என்பதால் தேக்கைப் போல எளிதாக எண்ண முடிவதில்லை. சில கோடுகள் சுற்றி வராமல் பாதியிலேயே மங்கிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016-ஐ அடையாளமாகக் கொள்ளலாம் என்றால், பட்டைக்கு அருகில் கோடுகள் நெருங்கிக் கிடப்பதால் அந்த ஆண்டையும் பிரித்தறிய இயலவில்லை.

சித்திரையில் பெய்யும் கோடைமழை ஒரு வளர்ச்சியையும், ஐப்பசி, கார்த்திகை மழை மற்றொன்றையும் தூண்டி ஒரே ஆண்டில் இரு கோடுகள் விழுந்து, அவற்றுள் ஒன்று பொய் வளையமாக இருக்கலாம் என்பது என் ஐயம். கடும் வறட்சியில் ஒரு பக்கம் வளையமே உருவாகாமல் போயிருக்கவும் கூடும்.

இத்தகைய வேம்பில் உண்மையான ஆண்டு வளையத்தையும் பொய் வளையத்தையும் எந்த அடையாளத்தைக் கொண்டு பிரித்தறிவது?