கணவர் பெயருக்கு கோர்ட்டில் இருந்து ஜூரி சம்மன், அவசரம்

கறிவேப்பிலைச்செடி:
வணக்கம். யாராவது உடனே பதில் சொல்லுங்கள், இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. நாங்கள் அமெரிக்கா வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வியாழக்கிழமை தபால் பெட்டியைத் திறந்தால் என் கணவர் பெயருக்கு கோர்ட்டில் இருந்து கடிதம், மேலே தடித்த எழுத்தில் ஜூரி சம்மன் என்று போட்டிருக்கிறது, பதில் அனுப்பாவிட்டால் அபராதம் என்றும் இருக்கிறது. போன மாதம் அவருக்கு ஸ்பீடிங் டிக்கெட் ஒன்று வந்தது, 45 மைல் ரோட்டில் 61 போனாராம். அதற்காகத்தான் ஜூரி வைத்து விசாரிக்கப் போகிறார்களா? விசாவுக்கு ஏதும் ஆகுமா? ஊரில் மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை, நிலத்தகராறில் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த மனிதர், சம்மன் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே படுத்துவிடுவார்.

டாலஸ்காரன்:
பயப்படாதீங்க சகோதரி. டிக்கெட்டுக்கு ஜூரி கேட்பது நம் உரிமை, நல்லதுதான். எனக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு டிக்கெட். பணத்தைக் கட்டித் தொலை என்று எல்லோரும் சொன்னார்கள், நான் மாட்டேன் என்று ஜூரி விசாரணை கேட்டேன். ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள், போலீஸ்காரர் வரவில்லை, தள்ளுபடி. ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ் எடுத்தாலே முடிந்தது.

பனிமனிதன்:
கிழித்துக் குப்பையில் போடுங்க. எனக்கு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன், ஒருத்தனும் கேட்கவில்லை. இதற்கெல்லாம் தூக்கம் கெடுவதா? நான் 2003 ஜனவரியில் மினியாபோலிஸில் இறங்கினேன், கையில் மெட்ராஸில் வாங்கிய ஒரு ஸ்வெட்டர், கார் கிடையாது, மளிகைக்கு ஒன்றரை மைல் பனியில் நடை. பால் கேன் கையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது ஒரு அமெரிக்கப் பாட்டி காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டாள், அன்றைக்கு அழுதேன். இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் ஆப்பிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

சன்னிவேல் மாமி:
யாரும் எதையும் கிழிக்க வேண்டாம். பனி, உனக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசு கோர்ட், அனுப்பும் சம்மனை அலட்சியம் செய்தால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறைகூட சட்டத்தில் இருக்கிறது. மாநில கோர்ட்டுகளுக்கு அவரவர் சட்டம்.

பெண்ணே, இது உன் வீட்டுக்காரர் மேல் வழக்கு இல்லை. வேறு யாரோ ஒருவருடைய வழக்கில் தீர்ப்புச் சொல்ல, ஊர்ஜனங்களில் ஒருவராக வந்து உட்காரும்படி அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸ், ஓட்டர் லிஸ்ட், சில மாநிலங்களில் வருமான வரி கட்டியவர் பட்டியல் இவற்றில் இருந்து குலுக்கிப் போட்டு எடுப்பதுதான். லைசென்ஸ் வாங்கியவர் குடிமகனா இல்லையா என்று அந்தக் குலுக்கலுக்குத் தெரியாது.

எந்த மாநிலம் என்று நீ சொல்லவே இல்லை. என்ன விசா? கடிதத்தில் கோர்ட்டின் பெயர் என்ன, யு.எஸ். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டா, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயர் போட்டிருக்கிறதா? அதோடு ஒரு கேள்வித்தாள் வந்திருக்குமே, அதை நிரப்பியாகிவிட்டதா?

டாலஸ்காரன்:
ஓ, அந்த ஜூரியா. அப்போது போய்ப் பார்க்கட்டுமே? நல்ல அனுபவம், ஃபெடரலில் நாளைக்கு 50 டாலர் தருகிறார்கள், ஆபீசில் லீவும் தர வேண்டும்.

சன்னிவேல் மாமி:
தம்பி, குடிமக்கள் மட்டும்தான் ஜூரியில் உட்கார முடியும். வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தால் அது அனுபவமாக இருக்காது, வினையாக இருக்கும்.

நூற்றிருபத்தெட்டு:
நான் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன் (முன்பு 100 கேள்வியில் 10 கேட்டு 6 சரி என்றால் போதும், அக்டோபர் 2025-ல் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்வி, 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும், என் நேரம்). டாலஸ் அண்ணன் சொன்னதும் அவர் ஊருக்குச் சரிதான், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம் எல்லாக் கிரிமினல் வழக்குக்கும் ஜூரி என்று எழுதியிருந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் சிறை கிடைக்க வாய்ப்பில்லாத சில்லறைக் குற்றங்களுக்கு அது கட்டாயமில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. டெக்சஸ் தன் பங்குக்கு வெறும் அபராதக் கேசுக்கும் ஜூரி தருகிறது. அரசியல் சாசனம் தரையைத்தான் போட்டுத் தருகிறது, மாநிலம் விருப்பப்பட்டால் மேலே மாடி கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் டிக்கெட்டில் ஆரம்பித்து கல்யாணம் வரை மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி, நம் கேள்விக்கு டாலஸ்காரர் ஒரு பதிலும் கலிபோர்னியாக்காரர் ஒரு பதிலும் சொல்வது.

இன்னொன்று, படிக்கும்போது எனக்குப் பிடித்தது. 1868-ல் வந்த பதினான்காவது திருத்தத்தில் ஒரு வரி ‘சிட்டிசன்’ என்கிறது, அடுத்த வரி ‘எந்த பர்சனும்’ என்கிறது. முறையான விசாரணையும் சமமான பாதுகாப்பும் இந்த இரண்டாவது ரகம். சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் நடத்திய சலவைக் கடைகளுக்கு மட்டும் லைசென்ஸ் தராமல் இழுத்தடித்தார்கள், யிக் வோ வழக்கில் 1886-லேயே அது செல்லாது என்று தீர்ப்பு. ஆக விசாவில் இருந்தாலும் நம்மை விசாரிப்பதென்றால் ஒழுங்காகத்தான் விசாரிக்க வேண்டும், ஆனால் ஜூரியில் உட்காருவதும் ஓட்டும் ‘சிட்டிசன்’ கணக்கு.

ஜூரி என்றால் நமக்கு ஏதோ ஹாலிவுட் சமாச்சாரம் மாதிரித் தெரிகிறது. 1945-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் குற்றவாளி என்றது சென்னை ஹைகோர்ட் ஜூரிதான். அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல்தான் வெளியே வந்தார்கள். அப்புறம் நம் நாட்டில் ஜூரியையே எடுத்துவிட்டார்கள்.

பனிமனிதன்:
எல்லாம் சரி. வரி மட்டும் நம்மிடம் முழுசாகப் பிடுங்குகிறார்கள், ஸோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், ஸ்கூல் டாக்ஸ் ஒன்று விடாமல். ஓட்டு மட்டும் கிடையாது. பிரதிநிதி இல்லாமல் வரி கிடையாது என்று சொல்லித்தானே இவர்கள் இங்கிலாந்துக்காரனோடு சண்டை போட்டார்கள்? கிரீன் கார்டு வரிசையில் ஒரு நாட்டுக்காரர்களுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறார்கள், என் பையன் கல்லூரி முடித்துவிட்டான், நான் இன்னும் வரிசையில்.

டாலஸ்காரன்:
வாஷிங்டன் டி.சி.க்காரன் குடிமகன், அவனுக்கே செனட்டர் இல்லை. கார் நம்பர் பிளேட்டிலேயே அந்தப் புலம்பலை அச்சடித்து வைத்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடவே 1961-ல் ஒரு திருத்தம் வர வேண்டியிருந்தது. நாம் எந்த மூலைக்கு.

பனிமனிதன்:
அங்கேயும் வாடகை ஏறிவிட்டதாம்.

வடமராட்சி:
அண்ணமார், அந்தப் பிள்ளை கேட்டது ஒன்று, நீங்கள் கதைக்கிறது வேறொன்று. தங்கச்சி, எந்த மாநிலம் என்று முதலில் சொல்லுங்கோ. இன்னொரு விசயம், தபாலில் வந்தது நல்லது. ஜூரிக்கு வரேல்லை, பிடியாணை இருக்கு, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லு என்று ஆரும் போன் எடுத்தால் அது கள்ளர். எனக்கு வந்த முதல் வருசம் அப்பிடி ஒரு போன் வந்தது, 400 டாலர் போனது. கோர்ட் ஒருநாளும் போனில் காசு கேட்காது.

கறிவேப்பிலைச்செடி:
மன்னிக்கணும், பையனுக்குக் காய்ச்சல், இப்போதுதான் பார்க்கிறேன். நியூஜெர்சி, எடிசன். அவர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்து வந்த எச்-4. கடிதத்தில் சுபீரியர் கோர்ட், மிடில்செக்ஸ் கவுண்டி என்று இருக்கிறது.

மாமி கேட்ட கேள்வித்தாள்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் நேற்று ராத்திரியே அதை நிரப்பிக் கவரில் போட்டு ஒட்டி கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போது கீழே இறங்கிப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். குடிமகனா என்ற கேள்விக்கு நீல மையில் அழுத்தி ‘ஆம்’. ஏன் இப்படி என்று கேட்டால், நான் குடிமகன் இல்லாமல் என்ன, பாஸ்போர்ட் வைத்திருக்கிறேனே என்கிறார். சிட்டிசன் என்பதைப் பார்த்தாராம், அதற்குப் பின்னால் யுனைடெட் ஸ்டேட்ஸ் இருந்ததைப் பார்க்கவில்லையாம்.

சன்னிவேல் மாமி:
அந்தக் கவர் தபால் பெட்டிக்குள் போகக் கூடாது. நல்ல வேளை, பிரித்தாய்.

இந்த நாட்டில் நான் குடிமகன் என்று தவறாக எழுதிக் கொடுப்பது சாதாரணத் தப்பு இல்லை. பிற்பாடு கிரீன் கார்டு மனுவில் அதைத் தோண்டி எடுத்தால் வாசலையே அடைத்துவிடுவார்கள், மன்னிப்புக்கு வழி கிட்டத்தட்ட இல்லை. ஓட்டர் லிஸ்டும் அப்படித்தான். 1993 சட்டத்தில் இருந்து லைசென்ஸ் எடுக்கும் இடத்திலேயே ஓட்டுப் பதிவும் கேட்பார்கள், கவுண்டர்காரர் வேகமாகக் கேட்கும்போது எல்லாவற்றுக்கும் எஸ் எஸ் என்று தலையாட்டியவர்களை எனக்குத் தெரியும். அங்கே அவர் என்ன சொன்னார் என்று கேள், தப்பாகப் பதிவாகி இருந்தால் உடனே இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

இப்போது செய்ய வேண்டியது: நாளைக்குக் காலையில் கடிதத்தில் இருக்கும் ஜூரி ஆபீஸ் நம்பருக்குப் போன் போடச் சொல். கைநழுவித் தப்பாக டிக் போட்டுவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை, எப்படித் திருத்துவது என்று கேட்கட்டும். குடிமகன் இல்லை என்று பதில் போனாலே விட்டுவிடுவார்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வை, பேசிய தேதியையும் குறித்து வை. ஆன்லைனில் அனுப்பினால் கடைசித் திரையையும் படம் எடு.

டாலஸ்காரன்:
மாமி சொல்வதைக் கேளுங்க. நான் சொன்ன நல்ல சட்டையை மறந்துவிடுங்க.

கறிவேப்பிலைச்செடி:
காலை எட்டரைக்கே அவர் போன் போட்டார். ஒரு அம்மா எடுத்தார், வாரத்துக்கு ஒருத்தராவது இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று சிரித்தாராம். ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள், காகிதம் அனுப்ப வேண்டாம் என்றார். நிரப்பியாயிற்று, இல்லை என்ற கட்டத்தை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், போட்டோவும் எடுத்தாயிற்று. லைசென்ஸ் ஆபீசில் ஓட்டுப் பற்றிக் கேட்டதற்கு வேண்டாம் என்றுதான் சொன்னாராம், ஆனாலும் ஓட்டர் லிஸ்டில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டோம், இல்லை. மாமிக்கு ரொம்ப நன்றி, எல்லோருக்கும் நன்றி.

ஆமாம், அந்த ஸ்பீடிங் டிக்கெட்டை என்ன செய்வது என்று யாரும் சொல்லவே இல்லையே?

வடமராட்சி:
நியூஜெர்சியில் அதுக்கு ஜூரி இல்லை, முனிசிபல் கோர்ட்டில் நீதவான் மட்டும்தான். 16 மைல் கூட என்றால் லைசென்ஸில் நாலு பாயிண்ட் (தப்புக் கணக்கு) ஏறும், இன்சூரன்ஸும் ஏறும். காசு கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி, அதால கட்ட முதல் டிக்கெட்டில் இருக்கிற தேதியைப் பாருங்கோ. அரச தரப்பு வக்கீலோடு கதைத்து அதைப் பாயிண்ட் இல்லாத ‘அன்சேஃப் டிரைவிங்’ ஆக மாத்தித் தரக் கேட்கலாம், ஆனால் அபராதத் தொகை கூடுதலாக வரும். தேதி என்ன?